தறி ஓடும் வீட்டுக்குக் கஞ்சி கிடையாது

மற்றவர்களுக்கு வாசனை வந்தால் பசிக்கும். எனக்குத் தறிச் சத்தம் கேட்டால் பசிக்கும்.

சிரிக்காதீர்கள். போன மாதம் நம் கூட்டாளி ஒருவன் மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க என்னையும் இழுத்துக்கொண்டு போனான். தறிக்காரன் வீட்டுப் பிள்ளை கூட வந்தால் கடையில் ஏமாற்ற மாட்டார்களாம். அந்தக் கடையில் வருகிறவர்கள் பார்ப்பதற்காகவே கண்ணாடித் தடுப்புக்குள் ஒரு தறியைப் போட்டு, அதில் ஒருவரை உட்காரவைத்திருக்கிறார்கள். அவர் பலகையை இழுத்து ஓர் அடி அடித்தார். என் வயிறு இழுத்தது. இரண்டாவது அடிக்குக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டேன். சர்க்கரை இறங்கிவிட்டது என்று பயந்து நண்பன் என் வாயில் ஒரு சாக்லேட்டைத் திணித்தான். எனக்குச் சர்க்கரை வியாதியே கிடையாது. அதற்காகச் சாக்லேட்டைத் துப்புவார்களா?

அதே வாரம்தான் நம் பள்ளி வாட்ஸாப் குழுவில் அன்னதானப் பேச்சு எழுந்தது. மாதாமாதம் அரிசி பருப்பு சேர்த்து வைப்போம், ஒரு சமையல்கூடம் நடத்துவோம் என்றீர்கள். எல்லாம் நல்ல பேச்சு. கடைசியில் ஒருவர் எழுதினீர்கள்: “கேட்டு அவமானப்படுத்தாமல், யாருக்கு உண்மையிலேயே தேவை என்று நாமே நாசூக்காகக் கண்டுபிடிக்க வேண்டும்.” உடனே இருபது பேர் கைகூப்பினீர்கள். நான் கைபேசியைத் தலையணைக்கு அடியில் செருகி, அதன்மேல் படுத்துக்கொண்டேன். படுத்தால் அது எழுதாமல் இருக்கும் என்று நினைப்பு. எங்கே போனாய், நாலு நாளாக ஒரு ஜோக்கையும் காணோமே என்று கேட்டீர்கள். இங்கேதான் போனேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை. நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். பள்ளிக்கூடம் மூடியிருந்தது, அதோடு சத்துணவும் மூடியிருந்தது. கோடை விடுமுறை என்றால் கொண்டாட்டம் என்று எழுதுகிறவர்கள் யாரும் சத்துணவு முட்டை தின்றவர்கள் இல்லை.

பட்டு நூல் விலை ஏறிவிட்டது என்றார்கள். முதலாளிகள் பாவு கொடுப்பதை நிறுத்தினார்கள். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற நூல். அது வராவிட்டால் தறி, வீட்டு நடுவில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் மரச்சட்டம்தான். எங்கள் தெருவில் ஒவ்வொரு வீடாகச் சத்தம் நின்றது. தறிச் சத்தத்தை மீறிக் கத்திப் பேசியே பழகிய தெரு அது. சத்தம் நின்ற பிறகும் குரலைக் குறைக்க யாருக்கும் தெரியவில்லை. புருஷன் பெண்டாட்டி ரகசியம் எல்லாம் பிள்ளையார் கோயில் வரைக்கும் ஒலிபரப்பானது. எந்த வீட்டில் அரிசிப் பானையைச் சுரண்டுகிறார்கள் என்பதும் கேட்டது.

அப்போதுதான் ஊரின் மறுகோடியில் இருக்கும் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து கணக்கு வாத்தியார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஓய்வு பெற்றவர். நெற்றியில் பளிச்சென்று நாமம், சட்டைப் பையில் இன்னமும் ஒரு சாக்பீஸ். எங்கள் தெருவில் பாதிப் பேர் அவரிடம் கணக்கில் தோற்றவர்கள், என் அப்பா உட்பட. பிள்ளையார் கோயில் வாசலில் எல்லாரையும் கூட்டினார்.

“யாரும் தப்பா எடுத்துக்கப்படாது. நாலு நல்லவா சேர்ந்து அரிசி தரேங்கறா. காலேஜ் பசங்க வந்து வேலை செய்யறேங்கறா. இங்கேயே அடுப்பு மூட்டி, தினம் சாயங்காலம் ஒரு வேளை கஞ்சி...”

அப்பா எழுந்தார். அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். தெருவில் அவருக்குப் பேச்சாளர் என்று பெயர். பேசச் சொன்னால் பேசுவார், பேசச் சொல்லாவிட்டால் இன்னும் நன்றாகப் பேசுவார்.

“சார், நீங்க எனுக்குப் பாடம் சொன்னவரு. உங்க கால்ல வுழுந்து கும்பிடறேன். ஆனா இது ஊருக்கே கல்யாணப் புடவை நெய்யற தெரு. கஞ்சிக்குக் கையேந்தற தெரு இல்ல. எங்க கை தறியிலதான் இருக்கும்!”

கைதட்டல் காதைப் பிளந்தது. பின்னால் நின்றிருந்த அம்மா, பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: “கை தட்டனது போதும். அந்தக் கையில எவனுக்காவது பிடி அரிசி இருக்குதான்னு கேளு.”

கைதட்டியவர்கள்தான் மறுநாள் அடுப்புக்குக் கல் தூக்கிப் போட்டார்கள். அப்பா போகவில்லை. அவர் பேசிவிட்டாரே!

தெருக்கோடியில் சாயப்பட்டறை ஒன்று சும்மா கிடந்தது. சாயம் போடப் பட்டு இல்லை. அங்கேதான் சமையல். அந்தத் தரையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அரக்கு, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், வாடாமல்லி என்று வருஷக்கணக்கில் சிந்திய சாயம் கல்லில் ஊறிப்போயிருந்தது. கல்யாண மண்டபத்திலிருந்து இரவல் வந்த அண்டாக்கள் அதன்மேல் உட்கார்ந்தன. கஞ்சி காய்ச்ச முன்வந்தவர் கல்யாண பிரியாணி போடும் பாய். “பொட்டுக் காசு வேணாம் சார், வெறகு மட்டும் காஞ்சதா குடுங்க” என்று வந்தவர். அவருக்கு வெறும் கஞ்சி காய்ச்சக் கை வராது. வெந்தயம், பூண்டு, கொஞ்சம் பாசிப்பருப்பு, இறக்கும்போது ஒரு கைப்பிடி புதினா. நோன்புக் கஞ்சிப் பக்குவம். சாயங்காலம் நாலு மணிக்கு அந்த வாசனை தெருவில் ஏறி வரும். எங்கள் வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் நின்று, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

வாத்தியாரின் ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். இதுதான் விஷயமே. வரிசை கிடையாது. தட்டேந்தி நிற்பது கிடையாது. வீடு வீடாகப் போய் ‘உங்களுக்கு வேணுமா’ என்று கேட்பதும் கிடையாது. காலையில் அவர் கோயிலுக்குப் போகிற மாதிரி தெருவில் ஒரு நடை நடப்பார், காதை மட்டும் திறந்துவைத்துக்கொண்டு. எந்த வீட்டில் தறிச் சத்தம் கேட்கவில்லையோ அந்த வீட்டுக் கதவில் சாயங்காலம் ஒரு தூக்குக் கஞ்சி மாட்டியிருக்கும். கொண்டுபோய் மாட்டுவது கல்லூரியில் படிக்கும் ஓர் அக்கா, சைக்கிளில் வருவாள். அவளிடம் அவர் சொன்னதை நானே கேட்டேன்:

“தறி ஓடற ஆத்துக்கு வேண்டாம்மா, அவாளுக்கு வேலை இருக்கு. சத்தம் கேக்காத ஆத்துல மாட்டிட்டு வந்துண்டே இரு. கூப்பிடாதே. நின்னு பாக்காதே. வாங்கிக்கறவா முகத்தை நாம பாக்கப்படாது.”

இதில் என்ன குறை சொல்வீர்கள்? நானும் இத்தனை வருஷமாகத் தேடுகிறேன். அதுதான் எரிச்சல்.

அடுப்பு மூட்டிய அன்று விடிந்ததும் அப்பா எழுந்துபோய்த் தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்தார். தறியில் பழைய பாவின் நுனி மட்டும் ஒரு முழம் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த பாவு வந்தால் அதோடு முடிச்சுப் போடுவதற்காக விட்டுவைப்பது.

“வாடா, உக்காரு” என்றார் என்னிடம். எங்கள் ஊர்ப் புடவைக்குப் பார்டர் தனி நிறம், குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் நாடாவும் தனி. அதைத் தள்ள ஓரத்தில் ஒரு ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அது நான்.

“நைனா, நூலு இல்லியே?”

“நூலு இருந்தா எவன் வேணா நெய்வான். உக்காரு.”

உட்கார்ந்தேன். அவர் மிதித்தார். மேலே பூவேலை எடுக்கும் பெட்டி தடதடவென்று ஏறி இறங்கியது. நாடாவைத் தள்ளினார், அது எதன் நடுவிலும் போகாமல் வெறும் காற்றில் போய் என் கைக்கு வந்தது. பலகையை இழுத்து அடித்தார். துணி இருந்தால் ‘தொப்’ என்று அடங்கி விழும் அடி, ‘டக்’ என்று காய்ந்த சத்தமாக விழுந்தது.

அந்த வித்தியாசம் எங்கள் தெருவில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும். கணக்கு வாத்தியாருக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் சைக்கிள் அக்காவின் தூக்குகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்துக்கொண்டு வந்தன, எங்கள் வாசலைத் தாண்டிப் போயின. அந்த நேரம் பார்த்து அப்பா இன்னும் ஓங்கி அடித்தார்.

தெரிந்த தெரு ஒரு வார்த்தை சொன்னதா? மறுநாள் பக்கத்து வீட்டுப் பெரியப்பா வந்து வாசலில் நின்றார். சொந்தம் இல்லை, சும்மா முறை வைத்துக் கூப்பிடுவோம். அவர் வீட்டுத் தறி நின்று பல நாள் ஆகியிருந்தது.

“இன்னா தம்பி, வேலை ஜரூரா ஓடிக்கினு இருக்குது?”

“ஆமாண்ணா. கல்யாணப் புடவை. அவசரமாம்.”

“இன்னா கலரு?”

அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “மயில் கழுத்து.”

“பார்டரு?”

“அரக்கு. ரெண்டு பக்கமும் யானை, நடுவுல உத்திராட்சம்.”

“ஆகட்டும், ஆகட்டும். நல்லா எடுப்பா இருக்கும்.” காய்ந்த சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டே அவர் தலையாட்டினார். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் அப்பாவின் மானம் போய்விடும். அதற்குப் பிறகு தெருவே தினம் ஒருவராக வந்து புடவையை விசாரித்தது. முந்தானை வந்துடுச்சா, யானை எந்தப் பக்கம் பாக்குது, ஜரிகை நல்லா புடிக்குதா. அப்பா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். ஒரு பதில் இன்னொரு பதிலோடு முட்டிக்கொள்ளவில்லை. பொய் சொன்னால் அப்படிச் சொல்ல வேண்டும், கணக்கில் தோற்றவர் என்று யாரும் நம்ப மாட்டார்கள். அந்தப் புடவை இன்றைக்கும் எனக்குத் தெரிகிறது. என் பெண்டாட்டிக்கு நான் எடுத்த எந்தப் புடவையும் அவ்வளவு தெளிவாக நினைவில் இல்லை. இதை அவளிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

அம்மா மட்டும்தான் மரியாதை தெரியாதவள்.

“இன்னாய்யா நெய்யற? காத்தையா?” என்பாள், முருங்கைக் கீரையை உருவிக்கொண்டே. கீரையும் கேழ்வரகுக் கரைசலும்தான் அப்போது எங்கள் சாப்பாடு. “அந்தக் காத்துல நாலு முழம் குடு, சின்னவளுக்குச் சட்டை தைக்கறேன்.”

“மெதுவா பேசுடி, வெளியில கேக்கும்.”

“எதுக்குப் பயப்படற? நீ அடிக்கிற அடியில எதுவும் கேக்காது.”

சின்னவள் என் தங்கச்சி. மூன்று வயது. சைக்கிள் மணிச் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுவாள். அது தாண்டிப் போனதும் திரும்பி வந்து, “போச்சு” என்பாள். அவ்வளவுதான். அழமாட்டாள். அவளுக்கு அது ஒரு விளையாட்டு என்று நான் நினைத்துக்கொண்டேன், அப்படி நினைப்பது வசதியாக இருந்ததால்.

நாங்கள் செத்துப்போகாததற்குக் காரணம் எங்கள் ஆடு. எங்களிடம் ஆடு கிடையாது. இருந்தது, கோடை தொடங்கும்போதே விற்றாகிவிட்டது. அது போனதைப் பெரியம்மா, பெரியப்பாவின் பெண்டாட்டி, தன் கண்ணால் பார்த்தவள். இருந்தாலும் சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குத் தூக்கு வந்ததும், கொல்லைச் சுவருக்கு மேலே ஒரு சொம்பு நீளும்.

“எம்மா, கஞ்சி மிஞ்சிப்போச்சு. உங்க ஆட்டுக்கு ஊத்து.”

“குடுக்கா. அது பசியில கத்திக்கினே இருக்குது” என்று அம்மா வாங்கிக்கொள்வாள்.

நானும் தங்கச்சியும் குடிப்போம். புதினா இலை நாக்கில் ஒட்டும். நான் ஒரு தடவை நன்றி சொல்கிற மாதிரி ‘ம்மே’ என்று கத்தினேன். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மா சிரித்தாள். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். அடிக்கு வலித்தது, கஞ்சிக்கு இனித்தது.

ஒருநாள் வாத்தியாரே எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். அம்மா கொல்லையில். அப்பா தறியில் அடித்துக்கொண்டிருந்தார். வாசலில் நான் ஒருவன்.

“ஏண்டா கொழந்தே, மயில் கழுத்துல ஒரு புடவை ஏறியிருக்காமே? தெருவே பேசறது. கண்ணால ஒரு தரம் பாத்துட்டுப் போயிடறேனே.”

நண்பர்களே, என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய வாய்ப்பு அது. புடவை இல்லை சார், பாவு இல்லை சார், நாங்களும் பட்டினி சார். எது சொல்லியிருந்தாலும் போதும். ஒன்றும் சொல்லாமல் வழிவிட்டு நகர்ந்திருந்தால் அதுவே போதும். வயிறு ‘சொல்லு, சொல்லு’ என்றது. அப்பா உள்ளே ‘டக், டக்’ என்றார். நான் வாயைத் திறந்தேன்.

“அம்மை சார்!”

வாத்தியார் இரண்டடி பின்வாங்கினார். “அடடா! யாருக்குடா?”

அதை நான் யோசித்திருக்கவில்லை. “எனுக்கு சார்.”

“நீ நன்னா நிக்கறயேடா?”

“இப்பத்தான் சார் ஆரம்பிச்சிக்குது.”

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அப்புறம் வாசலில் வேப்பிலை செருக வேண்டியதாயிற்று. நல்ல உடம்போடு நான் பாயில் படுத்து முனக வேண்டியதாயிற்று. பெரியம்மா வந்து, ஒரு கொப்புளம்கூட இல்லாத என் முகத்தைப் பார்த்து, “ஆத்தா நல்லா எறங்கியிருக்கா” என்று மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனாள். அதுதான் எங்கள் தெரு. மறுநாள் வாத்தியார் ஓர் இளநீர் அனுப்பினார். அந்தக் கோடை முழுவதும் எங்கள் வீட்டு முன்வாசல் வழியாக வந்த தர்மம் அது ஒன்றுதான். தண்ணீர் தங்கச்சிக்கு. வழுக்கை நோயாளிக்கு.

இப்படியே போயிருந்தால் இது சிரித்துவிட்டுப் போகிற கதை. ஆரணியிலிருந்து பெரியப்பாவின் மருமகன் வந்தான். புது மாப்பிள்ளை. எங்கள் வாசலுக்குக் கேட்கும்படிதான் கேட்டான்:

“இன்னா மாமா, பக்கத்து வூட்ல தறி பொளந்து கட்டுது. உங்க வூட்ல சத்தமே காணோம்? உங்களுக்கு மட்டும் பாவு குடுக்கலியா?”

பெரியப்பா ஏதோ சொல்லிச் சமாளித்தார். மறுநாள் காலையில் அவர் வீட்டில் சத்தம் கேட்டது.

டக். டக்.

அப்பா கை அந்தரத்தில் நின்றது. காதைக் கொடுத்துக் கேட்டார். எழுந்துபோய்ச் சுவரோரம் நின்றார்.

“இன்னாண்ணா, பாவு வந்துச்சா?”

“வந்துச்சு தம்பி.”

“இன்னா கலரு?”

பெரியப்பா தயாராக இல்லை. “வெங்காயக் கலரு.”

“பார்டரு?”

“போடணும். யோசிச்சிக்கினு இருக்கேன்.”

“நல்லா இருக்கும்ணா” என்றார் அப்பா. திரும்பி வந்து தறியில் உட்கார்ந்தார். அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் சைக்கிள் அக்கா பெரியப்பா வீட்டையும் தாண்டிப் போனாள். சுவருக்கு மேலே சொம்பு வரவில்லை, பெரியம்மாவின் குரல் மட்டும் வந்தது.

“எம்மா... இன்னிக்கு ஆட்டுக்கு ஒண்ணும் இல்லமா.”

“பரவால்லக்கா,” என்றாள் அம்மா. “அது தூங்கிப்போச்சு.”

இரண்டு வீட்டில் ஓடுகிற தறி மூன்றாவது வீட்டில் ஓடாமல் இருந்தால் அந்த வீட்டுக்காரனுக்கு என்ன பெயர்? எதிர் வீட்டில் ஆரம்பித்தது. அடுத்து மூலை வீட்டில். வைகாசி உற்சவம் நெருங்க நெருங்க, வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வர வர, தெரு முழுக்கச் சத்தம் ஏறியது. பார்க்காதவர்கள் கேட்டால் பட்டுத் தொழில் பிய்த்துக்கொண்டு போகிறது என்று சொல்வார்கள். வாத்தியார் அப்படித்தான் கேட்டார். காலையில் தெருவில் நடக்கும்போது அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கொஞ்சம் நின்று, சத்தத்தைக் காதால் குடித்துவிட்டு நடந்தார்.

சின்னவள் வாசலுக்கு ஓடுவதை நிறுத்தியிருந்தாள். படுத்த இடத்திலிருந்தே “போச்சா?” என்று கேட்டாள். அன்றைக்கு அம்மா கீரையைக் கீழே போட்டாள்.

“ஒரு புடவைய எத்தினி நாளுய்யா நெய்வ? கட்டிக்கப் போறவளுக்குக் கல்யாணம் முடிஞ்சி புள்ளயே பொறந்திருக்கும். அறுத்துடு.”

நெய்து முடித்த புடவையைத் தறியிலிருந்து அறுத்து எடுப்பார்கள். அறுத்த பிறகு தறி சும்மா இருந்தால் யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள். அடுத்த பாவு வரும்வரை எந்தத் தறியும் ஊமைதான். கௌரவமான ஊமை. அந்த ஊமை வீட்டுக் கதவில் தூக்கு மாட்டினால் வாங்கிக்கொள்வதிலும் தப்பில்லை. இவ்வளவு சுலபமான வழி எங்களுக்கு ஏன் முன்னாடியே தோன்றவில்லை என்று கேட்காதீர்கள். பசித்த வீட்டில் புத்தி கடைசியாகத்தான் எழுந்திருக்கும்.

“நாளைக்கிக் காலையில அறுத்துடலாம்” என்றார் அப்பா, சின்னவளைப் பார்த்துக்கொண்டே.

மறுநாள் அம்மா கற்பூரம் ஏற்றினாள். அப்பா கத்தியை எடுத்து, தொங்கிக்கொண்டிருந்த நுனியைத் தொடாமல், அதற்கு ஒரு விரற்கடை கீழே காற்றில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு இழுத்தார். இல்லாத புடவையை இரண்டு கையாலும் மடித்தார். சிரிப்பு வந்தது எனக்கு. அவர் கண்ணைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. எங்கள் தறி நின்றது.

அம்மா உலக்கை முனையால் கதவில் ஓர் ஆணி அடித்தாள். மற்ற வீடுகளில் தூக்கு மாட்ட ஆணி இருந்தது, எங்கள் கதவில் இல்லை. நான் முகம் கழுவித் தலை வாரிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். எதற்குத் தலை வாரினேன்? கஞ்சி என்ன பெண் பார்க்கவா வருகிறது? தெரு முழுக்க டக் டக் டக் என்று அடித்துக்கொண்டிருக்க, எங்கள் வீடு மட்டும் அமைதியாக, அழகாக, ஆணியோடு காத்திருந்தது.

மணிச் சத்தம் வரவில்லை. வாத்தியார் வந்தார். பின்னால் சைக்கிள் அக்கா, கல்லூரிப் பிள்ளைகள். யாருடைய கையிலும் தூக்கு இல்லை. வாத்தியார் கையில் பிளாஸ்டிக் உறையில் ஒரு பொன்னாடை இருந்தது.

அப்பாவை வாசலுக்குக் கூப்பிட்டார். “அன்னிக்குக் கோயில் வாசல்ல நீ சொன்னே. எங்க கை தறியிலதான் இருக்கும்னு சொன்னே. நான் நம்பலைடா. இப்போ கேளு.” கையைத் தூக்கித் தெருவைக் காட்டினார். “ஒரு தறி பாக்கியில்லாம ஓடறது! முதல்ல ஓடினது உன் தறி. நாளையிலேர்ந்து நாங்க தென்னேரிப் பக்கம் போறோம். அங்கே கஷ்டம் ஜாஸ்தின்னு சொல்றா. அண்டாவெல்லாம் ஏத்தியாச்சு.”

பொன்னாடையைப் பிரித்து அப்பாவுக்குப் போர்த்தினார். மில் துணி. பட்டு நெய்கிறவருக்கு வழுவழு நைலான். பிள்ளைகள் கை தட்டினார்கள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“ஏண்டா, உன் ஆத்துல இன்னிக்குச் சத்தத்தைக் காணோமே?”

நான் அப்பாவின் வாயையே பார்த்தேன். கதவுக்குப் பின்னால் அம்மா. நடுவில் ஆணி.

“அறுத்துட்டேன் சார். புடவை காலையிலதான் போச்சு.”

“பேஷ்! அடுத்த பாவு?”

பேச்சாளர் பொன்னாடையை இழுத்து விட்டுக்கொண்டார். “வந்துக்கினே இருக்குது சார்.”

அவர்கள் போன பிறகு அப்பா பொன்னாடையைக் கழற்றி எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தார். ஆணி இருந்தது. மாட்டினார்.

அம்மா ஒரு குண்டானை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொள்ளாமல், எல்லாரும் பார்க்கும்படி இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தாள். நானும் பின்னால் ஓடினேன். சாயப்பட்டறையில் அடுப்பை அணைத்தாகிவிட்டது. வண்டியில் அண்டாக்களைக் கவிழ்த்து அடுக்கியிருந்தார்கள். பாய் கடைசி அண்டாவை மண் போட்டுத் தேய்க்கப் போனவர், அம்மாவின் இடுப்பைப் பார்த்து நிறுத்தினார்.

“அடி புடிச்சதுதாம்மா இருக்குது. பரவால்லியா?”

“குடுண்ணா.”

அவர் அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுச் சுரண்டினார். கறுத்துப்போன காந்தல், கொஞ்சம் பழுப்பு, நடுவில் எங்கோ ஒரு புதினா இலை. குண்டான் கால்வாசி நிறைந்தது. ஏன் என்று அவரும் கேட்கவில்லை.

வீட்டில் விளக்கேற்றியிருந்தது. சின்னவளுக்கு அம்மா ஊட்டினாள். கசக்கிறது என்று துப்பினாள், பிறகு துப்பியதையே எடுத்துத் தின்றாள். அப்பா தொடவில்லை. தெருவைக் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாரும் அடித்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் போய்விட்டார், கஞ்சி போய்விட்டது, கேட்பதற்கு ஆளே இல்லை. ஆனாலும் முதலில் நிறுத்துவது யார்?

“ஒண்ணுலயும் பாவு இல்லடி” என்றார் அப்பா. “அத்தினியும் வெறுந்தறி.”

“தெரியும்.”

“தெரியுமா? அப்ப அந்த வாத்தியாராண்ட ஒருத்தராச்சும் சொல்லியிருக்கலாமில்ல?”

அம்மா குண்டானை வழித்தாள். “உன்னப் பத்தி அவங்க சொல்லல. அவங்களப் பத்தி நீ சொல்லல. எல்லாரும் நல்லவங்கதான்.”

அப்பா ஆணியில் தொங்கிய பொன்னாடையைப் பார்த்தார். பக்கத்து வீட்டில் டக் டக் என்றது. எதிர் வீட்டில் டக் டக் என்றது. நடுவில் எங்கள் வீடு மட்டும் வாயில்லாமல் இருந்தது. நான் நினைத்தேன், இப்போது எழுந்துபோய்ப் பெரியப்பாவைக் கூப்பிடப் போகிறார், போதும்ணா என்று சொல்லப் போகிறார், தெருவே நிற்கப் போகிறது என்று.

எழுந்தார். தறிக்குழியில் காலை இறக்கினார்.

“வாடா” என்றார்.

வாயில் காந்தல் கரகரக்க நான் போய் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

“புதுப் புடவை. காலையில எல்லாரும் கேப்பாங்க. இந்தத் தபா நீ சொல்லு. இன்னா கலரு போடலாம்?”

எனக்குத் தெரிந்த நிறமெல்லாம் அந்த நேரத்தில் மறந்துபோனது. பயத்தில் எப்போதும் போல வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

“கஞ்சிக் கலரு, நைனா.”

அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவர் அடிக்கவில்லை. சிரிக்கவும் இல்லை. மிதியில் காலை வைத்து, பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு, நிஜமாகவே ஒரு புடவையைப் பற்றிக் கேட்கிறவர் மாதிரி கேட்டார்:

“பார்டரு?”

“காந்தல்.”

“நல்லா எடுப்பா இருக்கும்” என்று சொல்லிவிட்டு அடிக்க ஆரம்பித்தார்.